காக்காய்ப் பொன்

சித்த வைத்தியரைக் கேட்டால் 'அப்பிரகம்' என்பார். இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் செய்கிறவரோ 'மைக்கா' என்பார். நம் பாட்டிமார் அதற்கு வைத்த பெயர்தான் அழகு: காக்காய்ப் பொன்! மினுக்கும், ஆனால் பொன் அல்ல.

அந்தச் சரக்கு உங்கள் கைப்பையிலும் இருக்கிறது, சகோதரி! உதட்டுச் சாயத்தில் முத்துப் போல் ஒரு பளபளப்புத் தெரிகிறதே, கண்ணிமைக்குப் பூசும் வர்ணம் மின்னுகிறதே, பெரும்பாலும் அதெல்லாம் மைக்காத் தூளின் வேலை. 'எனக்குப் பவுடர் பழக்கமே கிடையாது' என்று சிரிக்கும் ஐயா அவர்களே, உங்கள் மோட்டார் காரின் மினுமினுப்பான பெயிண்டிலும் அதுவே கலந்திருக்கலாம்.

எங்கிருந்து வருகிறது? ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிடி. பக்கத்தில் பீகாரின் நவாதா. வெள்ளைக்காரன் காலத்திலேயே கொடிகட்டிப் பறந்த சுரங்கப் பிரதேசம். 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சுரங்கம் மூடினால் வயிறு மூடிக்கொள்ளுமா? கைவிட்ட குழிகளிலும் குப்பை மேடுகளிலும் துண்டு மைக்கா பொறுக்குவதே ஊருக்குப் பிழைப்பாயிற்று. 'டிப்ரா' என்கிறார்கள் அதை. எலி வளை போன்ற பொந்துகளில் நுழையச் சிறிய உடம்புதான் தோதாம்! ஐந்தாறு வயதுக் குழந்தைகள்கூடக் கூடையும் சுத்தியலுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பகுதியில் இப்படி உழைக்கும் குழந்தைகள் சுமார் 22,000 பேர் என்று 2016-இல் வெளியான ஒரு டச்சு அறிக்கை மதிப்பிட்டது.

அதே 2016-இல் தாம்ஸன் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் தோண்டித் துருவியதில், இரண்டே மாதங்களில் ஏழு குழந்தைகள் மண் சரிந்தும் மற்ற விதமாகவும் மாண்டது வெளியாயிற்று. ஒன்றுகூடப் போலீசுக்குப் போகவில்லை. எப்படிப் போகும்? குழியே சட்ட விரோதம். புகார் கொடுத்தால் மிச்சமிருக்கும் பிழைப்பும் போய்விடும். கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து வாயை அடைத்துவிடுகிறார்கள்.

பொறுக்கியது உள்ளூர்த் தரகரிடம் போகிறது, அவரிடமிருந்து ஏற்றுமதிக்காரரிடம், அங்கிருந்து கப்பலேறிப் பெரும்பகுதி சீனாவுக்கு, பிறகு வர்ணத் தொழிற்சாலை, அலங்காரச் சாமான் கம்பெனி, கடை, நீங்கள். வழியில் எங்கோ ஓரிடத்தில் ரசீது சுத்தமாகிவிடுகிறது! சர்க்கார் கணக்கில் வெட்டியெடுத்த மைக்கா கொஞ்சம். கப்பலேறியதோ அதைப் போல் பல மடங்கு. கூட்டல் கழித்தல் தெரிந்த எவருக்கும் மூக்கில் வியர்க்க வேண்டாமா?

'இனி மைக்காவே வேண்டாம்' என்று விட்டுவிடலாமா? லஷ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி அப்படித்தான் இயற்கை மைக்காவைக் கைவிட்டுச் செயற்கை மைக்காவுக்கு மாறியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் மாறிவிட்டால் கோடர்மாவில் அடுப்பு எதைக் கொண்டு எரியும்? பொறுக்குகிற பெரியவர்களுக்கு நியாயமான விலை கிடைத்தால் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்பது என் கட்சி. பல கம்பெனிகள் கூடி 2017-இல் பாரிஸில் தொடங்கிய சங்கம் ஒன்று, கிராமங்களில் பள்ளிக்கூட வேலையும் பார்க்கிறது. வேகம் போதாது.

அடுத்த முறை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'மைக்கா' என்றோ 'சிஐ 77019' என்றோ பொடி எழுத்தில் இருக்கும். எந்தச் சுரங்கத்து மைக்கா என்று கம்பெனிக்கு நாலு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்களேன்!