கூலியும் தாய்மையும்

 

எங்கள் மத்ரஸாவில் வியாழக்கிழமை மாலைதோறும் மாணவியரின் பேச்சுப் பயிற்சி மன்றம் நடைபெறுவது வழக்கம். சென்ற மாதம் ஒரு வியாழனன்று, ‘ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வழங்குவதுதான் நீதியா?’ என்பது விவாதத் தலைப்பு. நடுவராக அமர்ந்திருந்தவள் நான்.

ஒரே கூலி கூடாது என்று வாதிட்ட அணியினர் நன்றாகவே தயாரித்து வந்திருந்தார்கள். “குடும்பத்தைக் காப்பது ஆண் மீது கடமை. மனைவி மக்களுக்கு நஃபகா கொடுக்க வேண்டியவனுக்குச் சற்று மிகுதியாகக் கிடைப்பதே முறை. பெண்ணின் சம்பாத்தியமோ அவளுக்கே சொந்தம், அதைக் குடும்பத்துக்குச் செலவிட வேண்டிய கடமை அவளுக்கு இல்லை” என்றார்கள். எதிரணியினர், “வேலை ஒன்று, வெயில் ஒன்று, கூலி மட்டும் ஏன் இரண்டு?” என்று கேட்டார்கள். கடைசியாக எழுந்தவள் உப்பளப் பகுதியிலிருந்து வந்து ஓதும் ஒரு மாணவி.

“ஆலிமா, என் உம்மா உப்பளத்தில் சுமை எடுத்தவர்கள். தம்பி வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதத்தோடு வேலையை நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளை பெற்றுத் திரும்பிப் போனபோது, ‘வேறு ஆள் போட்டாகிவிட்டது’ என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாதங்களில் உம்மாவுக்குக் கூலியே இல்லையே! இல்லாத கூலியை ஆணின் கூலியோடு எப்படி ஒப்பிடுவது?”

மன்றம் அமைதியாகிவிட்டது. எனக்கும் உடனே விடை வரவில்லை. “தீர்ப்பை அடுத்த வியாழன் சொல்கிறேன்” என்று கூறி, துஆ ஓதி மன்றத்தை முடித்தேன். அந்த ஒரு வாரத்தில் நான் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடை என்று நம் கடற்கரை நெடுகிலும் உப்பளங்கள் பரந்து கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் உப்பு மிகுதியாக விளைவது தமிழ்நாட்டில். தமிழ்நாட்டில் மிகுதியாக விளைவது தூத்துக்குடியில். பாத்தியில் விளைந்த உப்பை நீண்ட பலகையால் வாரிக் குவிப்பது பெரும்பாலும் ஆண்களின் வேலை. அதை அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரமாகக் கொட்டுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. இரண்டும் ஒரே வெயிலில், ஒரே உப்பு நீரில் நின்று செய்யும் வேலைகளே. வாருவது கடினமா, சுமப்பது கடினமா என்று கேட்டால், சுமந்தவளின் கழுத்தும் முழங்காலும் விடை சொல்லும். ஆயினும் ஆணின் நாட்கூலிக்கும் பெண்ணின் நாட்கூலிக்கும் இடையே வேற்றுமை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. கேட்டால், “அது ஆண் வேலை, இது பெண் வேலை” என்பார்கள்.

சட்டம் இவ்வாறு சொல்லவில்லை. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கு மட்டுமன்றி ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஒரே ஊதியம் என்றது. வேலைக்கு வேண்டிய திறன், முயற்சி, பொறுப்பு ஆகியவற்றைக் கொண்டே ஒப்பிட வேண்டும் என்றும் கூறிற்று. 2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே கொள்கையை ஏற்றுள்ளது. ஆகவே வேலைக்கு வேறு பெயர் சூட்டிவிட்டால் கூலியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது சட்டத்தின் கண்ணுக்கும் நியாயமாகாது.

இனி, முதல் அணியினர் எழுப்பிய நஃபகா என்னும் வாதத்துக்கு வருவோம். இது மாணவியர் மட்டும் சொல்வதன்று. நம் வீடுகளிலும் ஜமாஅத் கூட்டங்களிலும் அடிக்கடி கேட்பது. நஃபகா என்பது கணவன் தன் மனைவி மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமை. கூலி என்பது உழைப்பவருக்கும் உழைப்பைப் பெறுபவருக்கும் இடையிலான ஒப்பந்தம். ஃபிக்ஹு நூல்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பாடங்கள் உண்டு. ‘இஜாரா’ பாடத்தில் வேலை இன்னதென்றும் கூலி இவ்வளவென்றும் தெளிவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காண்கிறோம். உழைப்பவருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கேள்வியைக் காண்பதில்லை. குடும்பச் சுமைதான் அளவுகோல் என்றால், மணமாகாத இளைஞனுக்குக் குறைத்தும் ஐந்து பிள்ளைகளின் தந்தைக்குக் கூட்டியும் அல்லவா கொடுக்க வேண்டும்? கணவனை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவளுக்கு எல்லாரையும் விட மிகுதியாகக் கொடுக்க வேண்டுமே! அவ்வாறு கொடுக்கும் முதலாளியை நான் கண்டதில்லை. பெண்ணுக்குக் குறைக்கும்போது மட்டும் நஃபகா நம் நினைவுக்கு வருகிறது.

சிலர் வாரிசுரிமையைச் சான்று காட்டுவர். வாரிசுப் பங்கு உழைப்பின் விலையன்று. அதன் கணக்கு வேறு. உழைப்பைப் பற்றித் திருமறை பேசும் இடம் அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனம். ஆண்கள் ஈட்டியதில் அவர்களுக்கும், பெண்கள் ஈட்டியதில் அவர்களுக்கும் பங்குண்டு என்பது அதன் கருத்து.

ஆனால் அந்த உப்பளத்து மகளின் கேள்வி இதற்கு அப்பாலும் செல்கிறது. நாட்கூலி சமமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைப்பேற்றின் காரணமாக அவள் பல மாதங்கள் கூலியின்றி இருந்து, பின்னர் வேலையையும் இழந்தால் அந்தச் சமத்துவத்தின் பயன் என்ன? அமெரிக்கப் பேராசிரியை கிளாடியா கோல்டின், பெண்களின் உழைப்பையும் ஊதியத்தையும் இருநூறு ஆண்டுக் கணக்குகளைக் கொண்டு ஆராய்ந்தவர்; அதற்காக 2023இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். செல்வம் மிக்க நாடுகளில் இன்று ஆண், பெண் ஊதிய வேற்றுமையின் பெரும்பகுதி முதல் குழந்தையின் பிறப்போடு தொடங்குகிறது என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. அங்கே அலுவலகத்தில் நடப்பதே இங்கே உப்பளத்திலும் நடக்கிறது.

இது எவ்வளவு கொடிய நிலைக்கு இட்டுச் செல்லும் என்பதற்கு மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டம் சாட்சி. அங்கிருந்து கரும்பு வெட்டச் செல்லும் பெண்களிடையே கருப்பையை நீக்கிக்கொள்ளும் வழக்கம் பெருகியதாகச் செய்தி எழுந்து, 2019இல் அம்மாநில அரசு குழு அமைத்து விசாரித்தது. கணக்கெடுக்கப்பட்ட 82,000க்கும் மேற்பட்ட பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தனர். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் பிடிக்கப்படும்; மாதவிலக்கும் கர்ப்பமும் அங்கே வருமான இழப்பு. கூலியைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் உடலின் ஓர் உறுப்பையே ஒருத்தி இழக்க வேண்டியிருந்தது என்றால், கூலியின் நீதியையும் தாய்மையின் உரிமையையும் தனித்தனியே பேசுவதில் பொருளில்லை.

நம் நாட்டுச் சட்டம் இதை உணராமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017இல் திருத்தப்பட்டபோது முதல் இரு பேறுகளுக்கு ஊதியத்துடன் 26 வார விடுப்பை வழங்கிற்று. தில்லி மாநகராட்சியில் நாட்கூலிக்கு உழைத்த பெண்களுக்கும் மகப்பேற்று நலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. நம் தமிழ்நாட்டிலேயே ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை, முதல் மணத்தில் இரு பிள்ளைகள் பெற்று, மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்து மீண்டும் கருவுற்றார். ‘ஏற்கெனவே இரு குழந்தைகள் உண்டு’ என்று விடுப்பு மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 மே மாதம், மகப்பேற்று விடுப்பு என்பது பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று கூறி நீதிமன்றம் அவருக்கு விடுப்பு வழங்க ஆணையிட்டது.

ஆனால் உப்பளத்துப் பெண்ணிடம் நியமன ஆணையும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. அவளுக்கு எட்டுவது மாநில அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 2018 முதல் அதன் மதிப்பு 18,000 ரூபாய். ஏழைத் தாய்க்கு இது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. எனினும் சட்டம் சொல்லும் 26 வாரங்களுக்கு, வாரம் ஆறு நாள் வீதம் 156 நாட்களுக்கு இதைப் பங்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்குச் சுமார் 115 ரூபாய்தான் வரும். அரசு அலுவலகத்தில் இருப்பவளுக்கு முழு ஊதியம். உப்புச் சுமப்பவளுக்கு இவ்வளவு.

“பிள்ளை பெறும் செலவையெல்லாம் முதலாளி தலையில் கட்டினால், அவர் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்” என்று ஒரு மறுப்பு உண்டு. இதைப் புறந்தள்ளிவிட முடியாது. சிறு தொழில் செய்பவர்களின் அச்சம் உண்மையானது. அதற்கு வழி, பெண்ணின் கூலியைக் குறைப்பதன்று, சுமையைப் பகிர்ந்துகொள்வது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் முதலாளிகளும் தொழிலாளர்களும் செலுத்தும் தொகையிலிருந்து மகப்பேற்றுக் கால ஊதியம் வழங்கப்படுகிறது. எந்த ஒரு முதலாளியும் தனியே சுமப்பதில்லை. மழைக்காலத்தில் உப்பளம் மூடிக்கிடக்கும்போது உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை நம் மாநில அரசு 2022இல் தொடங்கிற்று. வேலையில்லாத மாதங்களுக்கு இவ்வாறு ஒரு வழி காண முடிந்ததென்றால், பிள்ளைப்பேற்று மாதங்களுக்கும் காண முடியும்.

தாய்மையின் உரிமை என்பது விடுப்போடு முடிவதன்று. எப்போது பிள்ளை, எத்தனை பிள்ளை என்பதில் அவளுக்குச் சொல் உண்டா? கர்ப்பத் தடையான ‘அஸ்ல்’ பற்றி நம் இமாம்கள் விரிவாகப் பேசியுள்ளனர். அதற்கு மனைவியின் இசைவு வேண்டும் என்பது ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் பெருவழக்கு. ஷாஃபிஈ மத்ஹபில் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில், பிள்ளைப்பேற்றின் ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பதையும் தக்க காரணங்களுள் ஒன்றாக எண்ணியுள்ளார்கள். பால்குடியை நிறுத்துவதற்கே தாயும் தந்தையும் மனமொப்பிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம். பெறுவதற்குக் கலந்தாலோசனை வேண்டாமா? நடப்பிலோ, 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டிருந்தனர். ஆண்களின் அறுவையைச் சார்ந்திருந்த குடும்பங்கள் 0.3 விழுக்காடு. பெறுவதும் அவள், தடுப்பதும் அவள், அதனால் வேலை இழப்பவளும் அவள்!

அடுத்த வியாழன் நான் தீர்ப்புச் சொன்னேன். அத்தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை மாணவியர் முன் ஓதி விளக்கினேன். மணவிலக்குப் பெற்ற தாய் குழந்தைக்குப் பாலூட்டினால், தந்தை அவளுக்கு அதற்குரியதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் ஆணை. அங்கே வரும் சொல் ‘உஜூர்’. கூலி என்பதன் அரபுச் சொல் அது; இஜாரா என்பதும் அதே வேரிலிருந்து வந்தது. தாய்ப்பாலுக்கே கூலி என்ற சொல்லை ஆள்கிறது திருமறை. அப்படியிருக்க, தாயானாள் என்ற காரணத்துக்காக ஒருத்தியின் கூலியைப் பறிப்பது எந்த நீதியில் சேரும்? “நடுவரின் தீர்ப்பு எதிரணிக்கே” என்றேன். உப்பளத்து மகளின் முகத்தில் அன்று கண்ட மலர்ச்சியை நான் மறக்க மாட்டேன்.

வீடு திரும்பும் வழியில் என் மனம் என்னையே கேட்டது. நான் முன்பு பணியாற்றிய ஒரு மத்ரஸாவில், ஒரே கிதாபை நடத்திய ஹஜ்ரத்துக்கும் எனக்கும் ஊதியம் ஒன்றாக இருந்ததில்லை. என் இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்கு விடுப்புக் கேட்டபோது, “பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்; இடம் இருந்தால் பிறகு அழைக்கிறோம்” என்றார்கள். அழைப்பு வரவில்லை. கூலியின் சட்டங்களை மாணவியருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த நான், எனக்காக ஒரு சொல்லும் பேசவில்லை. உப்பள முதலாளியைக் குறை கூறுமுன் நம் மத்ரஸாக்கள், நம் பள்ளிகள், நம் கடைகள், நம் வீட்டு வேலைக்காரப் பெண் ஆகியோரின் கணக்கை நாம் பார்க்க வேண்டாமா?

உங்கள் ஊர் நிர்வாகக் குழு அடுத்த முறை கூடும்போது மூன்றே கேள்விகளைக் கேளுங்கள். ஒரே வேலைக்கு ஆலிமாவுக்கும் ஹஜ்ரத்துக்கும் ஒரே ஊதியமா? பிள்ளைப்பேற்றுக்கு ஊதியத்துடன் விடுப்பு உண்டா? திரும்பி வரும்போது அவருடைய இடம் அவருக்கு இருக்குமா?

நம் கடலில் 1961 வரை முத்துக் குளிப்பு நடந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கியவர் ஒருவர். படகில் நின்று கயிறு பிடித்தவர் ஒருவர். கயிறு பிடித்தவர் சிப்பி எதையும் அள்ளவில்லை. ஆனாலும் அவருக்குப் பங்கு உண்டு. அவர் இல்லாவிட்டால் இறங்கியவர் மேலே வர முடியாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அடுத்த தலைமுறையைச் சுமந்து பெற்றுத் தருபவளின் பங்கை நாம் மட்டும் ஏன் மறந்தோம்?

வல்ல நாயன் நம் அனைவரையும் உழைத்தவரின் உரிமையைக் குறையின்றிக் கொடுப்பவர்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன். அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.