அந்த ஊரில் யாரைக் கேட்பது?



போன மாதம் ஒரு விடியற்காலை, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம், வைகுண்டப் பெருமாள் கோயிலருகே ஒரு தாயையும் மகனையும் பார்த்தேன். பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பழுப்பு டேப் சுற்றிய பெட்டி, அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவில் பெயர், கீழே பெரிதாக ‘குவைத்’. கூடவே ஒரு மஞ்சள் பை. அந்த அம்மா பையைப் பிரித்து, எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகி, பழைய துண்டில் சுற்றித் திரும்ப உள்ளே வைத்தார். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி பிரித்து, அதே மூடியை இறுக்கினார்.

காதிம் விசா, அதாவது வீட்டு வேலைக்கான விசா. அரபி வீட்டில் டிரைவர் வேலை. பிள்ளை டீ வாங்கப் போன நேரத்தில் அவர் என்னிடம் கேட்டார்: “அங்க ராஜா ஆட்சியாமே சார். நம்ம புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரப் போய்க் கேக்கறது?”

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

குவைத்தை எண்ணெய்க்கு முன்னாலிருந்தே பார்க்க வேண்டும். முத்துக்குளிப்பும் கப்பல் வியாபாரமும்தான் அந்த ஊரின் பிழைப்பு. மரக்கலம் கட்டத் தேக்கு, கோழிக்கோட்டுப் பக்கமிருந்து போனது. 1961 வரை அங்கே புழங்கியது நம் ரூபாய். 1959-இல் வளைகுடாவுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி தனி நோட்டு வெளியிட்டது. சபா குடும்பத்து ஷேக் ஆட்சி செய்தார் என்றாலும் செலவுக்குக் கப்பல் வியாபாரிகள் கட்டும் சுங்கத்தைத்தான் நம்பியிருந்தார். பணம் கொடுத்தவர்களுக்குக் கேள்வி கேட்கும் தைரியம் இருந்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து தொழில் நொடித்த பிறகும் அந்தத் தைரியம் போகவில்லை. 1938-இல் வியாபாரக் குடும்பங்கள் கூடி 14 பேர் கொண்ட ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தன.

அதே 1938-இல்தான் குவைத்தின் புர்கானில் எண்ணெய் பீறிட்டது. எண்ணெய்க் கம்பெனி ஷேக்குக்குத் தரும் பணம் எங்கள் கைக்கு வரட்டும் என்றது சபை. அந்த டிசம்பரிலேயே சபை கலைக்கப்பட்டது. அரை வருஷம்கூடத் தாங்கவில்லை.

1946-இல் எண்ணெய் கப்பலேறத் தொடங்கியது. அதன்பின் அரசுக்குக் குடிகளின் வரி தேவைப்படவில்லை. அரசுதான் குடிகளுக்குக் கொடுத்தது. இலவசப் படிப்பு, வைத்தியம், வீடு, அரசாங்க வேலை. நகரை விரிவாக்கும்போது நிலங்களை அரசே நல்ல விலைக்கு வாங்கி வியாபாரிகளைச் செல்வந்தர்களாக்கியது. குறை சொல்ல மனம் வரவில்லை. நோயும் பசியும் போனது நல்ல காரியம். 1976-இல் வருமானத்தில் நூற்றுக்குப் பத்தை வருங்காலத் தலைமுறைக்கென்று ஒதுக்கச் சட்டம் செய்ததும் தொலைநோக்குதான். ஆனால் கொடுக்கிற கையைக் கணக்குக் கேட்பது யாருக்கும் கஷ்டம்.

குவைத்துக்காரர்கள் கேட்காமல் இருந்துவிடவில்லை. 1938 சபைக்குத் தலைமை தாங்கிய அப்துல்லா அல் சாலிம்தான் பின்னால் அமீரானார். அவர் காலத்தில்தான் 1961-இல் விடுதலை, 1962-இல் அரசியல் சட்டம், 1963-இல் நாடாளுமன்றத்தின் 50 இடங்களுக்குத் தேர்தல். மற்ற வளைகுடா நாடுகளில் இல்லாத அளவுக்கு அங்கே அமைச்சர்களை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். பெண்களுக்கு வாக்குரிமை 2005-இல்தான் கிடைத்தது. 2009-இல் நான்கு பெண்கள் ஜெயித்து உள்ளே போனார்கள். ஆனால் 1976-இல் ஒரு முறை, 1986-இல் ஒரு முறை நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. 2024 மே மாதம் அமீர் மறுபடி கலைத்துவிட்டார், நான்கு வருஷம் வரை என்று சொல்லி.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா நின்ற இடம்தான் கண்ணில் வருகிறது. அவருக்கு நாலடி தள்ளி, கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921-இல் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் குடத்தில் ஒருவர் பெயரைப் போட, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். இவ்வளவு இருந்தும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் உறவுக்காரர் பெயரையும் போடக்கூடாது. வரி கட்டுகிறவன் கணக்குக் கேட்பான் என்பதை நம் ஊர்க் கல் அன்றே தெரிந்து வைத்திருக்கிறது.

அந்தக் குடத்தில் எல்லார் பெயரும் விழவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது நிலமுள்ள பிராமணர்களின் சபை. பெண்களுக்கு இடமில்லை, வயலில் சேற்றை மிதித்தவர்களுக்கும் இல்லை. குவைத்திலும் குடிமக்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதிப் பேர் நம் பிள்ளையைப் போல வேலைக்குப் போனவர்கள். இந்தியர் மட்டுமே பத்து லட்சத்தை ஒட்டி வரும்.

1990 ஆகஸ்டில் ஈராக்கின் சதாம் படை குவைத்துக்குள் நுழைந்தபோது ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்கள் ஜோர்டானின் அம்மான் வழியாக விமானத்தில் வந்து சேர்ந்தார்கள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்து நம் நாட்டவர் 45 பேர் போனார்கள். அதில் ஏழு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கொச்சி விமான நிலையத்தில் பெட்டிகள் வரிசையாக இறங்கிய படத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

அம்மா, அங்கே நாம் கேட்பதற்கு ஒரு குடம் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய இடங்கள் உண்டு. வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கென்று 2015-இல் குவைத் தனிச் சட்டம் போட்டது. வாரம் ஒரு நாள் விடுப்பு, ஒரு நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. மீறினால் உங்கள் பிள்ளை குவைத் நகரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போகலாம். இங்கே நீங்கள் சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறையிலும், காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசிலும் மனு கொடுக்கலாம். அரசிடம் பதிவு செய்த ஏஜென்ட் மூலம், முறையாகப் பதிந்து போயிருந்தால் விபத்துக்குப் பத்து லட்ச ரூபாய் காப்பீடும் உண்டு. டூரிஸ்ட் விசாவில் அனுப்பி, அங்கே போய் மாற்றித் தருகிறேன் என்கிறவனை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ யாராவது வளைகுடாவுக்குக் கிளம்பினால், பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், கஃபீலின் பெயரும் போன் நம்பரும், இவற்றின் நகலை வாங்கி வீட்டு பீரோவில் வையுங்கள். அங்கே பத்தாகா என்னும் அடையாள அட்டை கைக்கு வந்ததும் அதன் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்