டிரங்க் அண்ட் டிரைவ்: ரூ.10,000 ஃபைன் பயமுறுத்துமா, 'மாட்டிக்குவோம்' என்ற நினைப்பு பயமுறுத்துமா?

சனிக்கிழமை ராத்திரி ஆழ்வார்பேட்டை பார் ஒன்றிலிருந்து கிளம்பும்போது, 'ஃபைன் எவ்வளவு?' என்று யாரும் கேட்பதில்லை. 'மச்சி, இன்னிக்கு எந்த ரூட்ல செக்கிங்?' என்றுதான் கேட்கிறார்கள். தண்டனை எப்படி வேலை செய்கிறது என்பதற்கான விடை இதில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185-ன்படி, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கு ரூ.2,000 வரை இருந்த அபராதம், 2019 திருத்தத்தில் ரூ.10,000 ஆனது. 6 மாதம் வரை சிறையும் உண்டு. மறுபடி சிக்கினால் ரூ.15,000, 2 ஆண்டு வரை சிறை. கூட வருபவர்கள் மீதும் வழக்கு பாயும் என்று 2022 அக்டோபரில் சென்னை டிராஃபிக் போலீஸ் அறிவித்தது.

தொகை ஏறினால் பயமும் ஏறுமா?

கொஞ்ச நாளைக்கு ஏறும். பிரிட்டனில் 1967-ல் மூச்சுப் பரிசோதனை சட்டம் வந்ததும் விபத்துகள் சட்டெனக் குறைந்தன. நாளடைவில் அந்தப் பலன் மங்கியது. சட்டம் அப்படியேதான் இருந்தது. மாட்டும் வாய்ப்பு குறைவு என்பது மக்களுக்குப் புரிந்துவிட்டது என்று ஆய்வாளர் லாரன்ஸ் ராஸ் விளக்கினார்.

ராஜஸ்தான் சொல்லும் பாடம்

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் ராஜஸ்தான் போலீஸுடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். சில ஸ்டேஷன்களில் ஒரே இடத்தில் செக்கிங். சிலவற்றில் இடம் மாற்றி மாற்றி. மாறிய இடங்களில் இரவு விபத்துகள் 17%, இரவு மரணங்கள் 25% குறைந்தன. ஒரே இடத்தில் நின்றதால் குறிப்பிடும்படி பலன் இல்லை. டிரைவர்கள் வேறு ரோட்டைப் பிடித்துவிட்டார்கள்.

ஆழ்வார்பேட்டைக்கும் இது பொருந்தும். டி.டி.கே. சாலையில் தடுப்பு தெரிந்தால் எல்டாம்ஸ் சாலை, சி.பி. ராமசாமி சாலை எனக் கழன்றுகொள்ள வழி இருக்கிறது.

ஏன் இது முக்கியம்?

2016 செப்டம்பர் 19 அதிகாலை, பக்கத்திலுள்ள கதீட்ரல் சாலையில் நின்றிருந்த ஆட்டோக்கள் மீது சொகுசு கார் மோதி, ஆட்டோ டிரைவர் ஒருவர் இறந்தார். குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கு பதிவானது. அன்றும் பிரிவு 185 இருந்தது, சிறைத் தண்டனையும் இருந்தது.

ஆகவே, அபராதம் ஏற்றப்படும் செய்தி அடுத்த முறை வந்தால் கூடவே கேட்க வேண்டியது: செக்கிங் எத்தனை இடத்தில், எத்தனை நாள், இடம் மாறுகிறதா?