வழியோரக் கல் யாருக்காகப் பேசுகிறது?

போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் மலைச்சாலை, ஏலத்தோட்டப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குச் சொந்த ஊர் செல்லும் வழியாகும். அவ்வழியே இறங்கி, மதுரையைத் தாண்டித் திருநெல்வேலி நோக்கிச் செல்வோர், கோவில்பட்டிக்கு அப்பால் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனின் சிலையைக் காண்பர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அடிபணிய மறுத்த அப்பாளையக்காரர், 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. நடிகர் சிவாஜி கணேசன் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு 1970இல் அங்குச் சிலை எழுப்பினார். அதற்கு முன்பே வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லை இட்டு வணங்கியதால், அவ்விடத்தில் ஒரு கற்குவியல் வளர்ந்திருந்தது.

ஒரு நினைவுக்கல், மறைந்தவரின் கதையோடு தன்னை நட்டவரின் மனத்தையும் காட்டிவிடும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சாலையோரக் கற்கள் இதற்குச் சான்று. 1779இல், அமெரிக்க விடுதலைப் போரின்போது, தளபதி சலிவன் தலைமையிலான படை இரோகுவாய் பழங்குடியினரின் நாட்டிற்குள் புகுந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் எரிக்கப்பட்டன. விளைந்து நின்ற மக்காச்சோளமும் பழத்தோட்டங்களும் அழிக்கப்பட்டன. வீடிழந்தவர்கள் கடுங்குளிரில் பசியால் வாடினர். அப்படையெடுப்பின் 150ஆம் ஆண்டான 1929இல், படை சென்ற வழிநெடுகக் கற்கள் நடப்பட்டன. அவை படையின் வெற்றியைப் போற்றுகின்றன. எரிந்த ஊர்களின் துயரத்தைச் சொல்லவில்லை.

வென்றவர் தம் வீரரைப் போற்றுவது இயல்புதானே எனச் சிலர் வினவுவர். இயல்புதான், ஆயினும் பாதி உண்மையைப் பொறித்த கல், மீதிப் பாதியை மறைக்கும் திரையாகிவிடுகிறது. அதைப் படித்து வளரும் குழந்தை, அம்மண்ணில் வேறு எவரும் வாழ்ந்ததில்லை என்றே எண்ணும்.

நம் மண்ணிலும் இக்குறை உண்டு. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மக்கள் சில நாள்களிலேயே மீண்டும் எழுப்பினர். அவ்வாண்டு மே மாதம் கம்பெனிப் படை அதைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கியது. அப்போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகளின் கல்லறைகள் அப்பகுதியில் இன்றும் உள்ளன. ஆனால், இரவும் பகலும் மண் சுமந்து கோட்டையை எழுப்பி, அதைக் காத்து மடிந்த எளியவர்களுள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் ஒன்றுமில்லை. எட்டயபுரத்துப் படையினர் கம்பெனியோடு நின்றதும் வரலாறே. அவர்களும் இம்மண்ணின் மக்களே. அவ்வுண்மையையும் மறைத்தல் ஆகாது.

எதிரியைப் பற்றி நேர்மையாக எழுத முடியுமா? முடியும். பாஞ்சாலங்குறிச்சிப் போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் நூலில் ஊமைத்துரையின் ஆற்றலை வியந்து பாராட்டியுள்ளார். போர்க்களத்தில் எதிர்நின்ற ஒருவரால் இயன்றது, அமைதிக் காலத்தில் கல் நடுவோர்க்கு இயலாததன்று.

ஆகவே, பழைய கற்களைப் பெயர்த்தெறிய வேண்டியதில்லை. பெயர்த்தால், அவற்றை நட்டவர் எண்ணியது என்ன என்பதற்கான சான்றும் போய்விடும். அவற்றின் அருகே மற்றொரு கல் நடப்பட வேண்டும். எவருடைய ஊர் எரிந்தது, எவர் மடிந்தனர், எவர் எப்பக்கம் நின்றனர் என்பதை அக்கல் சொல்ல வேண்டும். பயணம் செய்யும் மாணவர்களும் சாலையோரக் கல்லைக் கண்டால் அதிலுள்ள பெயர்களைப் படிப்பதோடு, அதில் இல்லாத பெயர்கள் எவை என்றும் வினவுதல் வேண்டும். பெரியோரிடம் கேட்டும் நூல்களில் தேடியும் அப்பெயர்களை அறிந்துகொள்வது, கயத்தாற்று வழிப்போக்கர்கள் இட்ட கல்லைப் போன்றே ஒரு வணக்கமாகும்.