அந்த மேசையில நம்ம ஆள் எங்கே?

நமுனுகுல தோட்டங்கள்ல கெம்பஸ் முடிச்ச பிள்ளைகளிடம் ஆசிரியர் வேலையைப் பற்றித்தான் பேசுகிறோம். இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கும் போட்டிப் பரீட்சை இருக்கு, தமிழ் மொழிமூலமும் எழுதலாம். பாஸானா இராஜதந்திரிக்கான பயிற்சி. இதை யாரும் சொல்றதில்லை.

“அதெல்லாம் கொழும்பு ஆக்களுக்கு” என்பார்கள். அப்படியா? 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் நம்ம சனத்தைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டு, 1974இல் அதையும் பாதி பாதியாக்கினார்கள். லயத்துல ஒருத்தரிடமும் கேட்கவில்லை. இராஜதந்திரம் நம்ம வீட்டுக்குள்ள வந்து அண்ணன் தம்பியையே பிரிச்சது. அந்த வேலை மட்டும் நமக்குத் தூரமாம்!

வயதெல்லை உண்டு, தள்ளிப் போடாதீங்க. அடுத்த வர்த்தமானி அறிவித்தல் வந்ததும் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்புல போடுங்க.