இளைப்பு வந்த பிள்ளைக்குக் கொள்கை பேசாதீங்க

வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசலில் ஆறு ஏக்கர் மானாவாரி எனக்கு. ஒன்பது வருசமாக ரசாயனம் கிடையாது. "நஞ்சில்லாச் சோறு திங்கிற பிள்ளைக்கு நோய் எப்படி வரும்?" என்று கூட்டங்களில் பேசியவன்தான் நான். போன ஐப்பசியில், என் நாலு வயசுப் பேத்தி ராத்திரி ரெண்டு மணிக்குப் படுக்க முடியாமல் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினாள்.

வருசா வருசம் இதே கதைதான். புரட்டாசி மழை விழுந்து ஒரு மாசத்தில் ஆரம்பிக்கும். காலையில் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு. ராத்திரியில் இருமலும் இளைப்பும். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். நான்தான் வாங்க விடவில்லை. "ஸ்டீராய்டு, பழகிப் போகும்" என்றேன். தூதுவளை ரசம், ஆடாதோடைக் கசாயம், ராத்திரி வேப்பிலைப் புகை. அன்றைக்கு விலா எலும்பு உள்ளே இழுத்தது. சிவகாசிக்கு ஓடினோம், ஆக்சிஜன் வைத்தார்கள். "இனிமே மருந்து விசயத்தை நான் பாத்துக்கிறேன் மாமா" என்றாள் மருமகள். அதுக்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

ஊரில் எல்லாரும் பட்டாசு ஆபீசைக் கைகாட்டினார்கள். புகை பிள்ளைகளுக்கு ஆகாதுதான். 2015-ல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகள் பெயரில் போட்ட வழக்கில்தான், 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்தைத் தடுத்து, பசுமைப் பட்டாசு மட்டும் போதும் என்றது. அதன் அடி எங்கள் பகுதிக் கூலிக்காரர் அடுப்பு வரைக்கும் விழுந்தது. ஆனால் தீபாவளிப் புகை ரெண்டு நாளில் ஓய்ந்துவிடும். என் பேத்திக்கு இழுப்பு மார்கழி வரை இருந்ததே, அது எதனால்?

டாக்டர் கேட்டார்: "வீட்டைச் சுத்தி என்ன பூத்திருக்கு?"

போய்ப் பார்த்தேன். வாசலிலிருந்து வரப்பு வரைக்கும் பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. 1950-களில் புனேயில் கண்ணில் பட்ட இந்த விஷப்பூண்டு இன்று நாடு முழுக்க இருக்கிறது. நன்றாக வளர்ந்த ஒரு செடியே 10,000-க்கு மேல் விதை போடும். அதன் மகரந்தம் தும்மலையும் இளைப்பையும் கிளப்பும், செடி பட்டால் தோல் அரிக்கும். தெற்கே சீமைக்கருவேல மூட்டம் போட்டிருந்தார்கள், கரிப்புகை வேறு. களைக்கொல்லி அடிக்க மாட்டேன் என்று பெருமை பேசிவிட்டு, கையாலும் பிடுங்காமல் விட்டது யார் தப்பு? என் தப்புதான்.

அதனால் நம் ஆட்களுக்கு ரெண்டு விசயம் சொல்கிறேன்.

ஒன்று, இன்ஹேலரைத் தள்ளிப் போடாதீங்க. மாத்திரையும் சிரப்பும் உடம்பு முழுக்கச் சுற்றும். இது கொஞ்ச அளவு மருந்தை நேரே நுரையீரலுக்குக் கொண்டுபோகும். போதை மாதிரிப் பழகாது. சின்னப் பிள்ளைக்கு ஸ்பேசரும் முகமூடியும் வைத்துக் கொடுக்கணும். தினசரி மருந்தை, சரியாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. வேப்பிலையோ சாம்பிராணியோ, இளைப்புள்ள வீட்டில் எந்தப் புகையும் வேண்டாம். விலா உள்ளே இழுத்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ கசாயம் வைக்க உட்காராதீங்க. கிளம்புங்க.

ரெண்டு, பூ எடுக்கும் முன்னால், மண் ஈரமாக இருக்கும்போதே பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்குங்க. கையுறை போடுங்க, முழுக்கைச் சட்டை போடுங்க. அந்த நேரம் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டாம். பூக்காத செடி நல்ல மக்கு உரம். கொளுத்த மட்டும் வேண்டாம். நம் வரப்போடு நின்றால் போதாது. அங்கன்வாடி, பள்ளிக்கூடத்தைச் சுற்றியும் பிடுங்கச் சொல்லிக் கிராம சபையில் கேளுங்க. இந்தப் பூண்டைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். அதைச் செடியில் கண்டால் கொன்றுவிடாதீங்க.

இந்த வருசம் மழைக்குப் பிறகு நாங்கள் மூன்று வீட்டார் சேர்ந்து நாலு நாள் பிடுங்கினோம். பேத்திக்குத் தும்மல் இன்னும் இருக்கிறது. ஆனால் ராத்திரி படுத்துத் தூங்குகிறாள். அதற்கு எவ்வளவு மருந்து காரணம், எவ்வளவு களை காரணம் என்று பிரித்துப் பார்க்க எனக்கு அவசியமில்லை. ரெண்டையும் விடப்போவதில்லை.