மாத்திரை மட்டும் மருத்துவமாகாது

2020 மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் ஒன்றிய அரசு நாட்டை முடக்கியது. கீமோதெரபிக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தவர்கள் எப்படிப் பயணம் செய்வார்கள் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பின் 41 மையங்களில் அந்த மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவு செய்தோர் முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் குறைந்தனர். நோய் குறையவில்லை, நோயாளிகள்தான் வந்துசேர முடியவில்லை.

பெருங்குடல் புற்றுநோய்க்கு மருத்துவ உலகம் மாற்றுவழிகளைப் பரிந்துரைத்தது. இயன்றவர்களுக்கு நரம்புவழி மருந்துக்குப் பதில் கேபசிடபின் மாத்திரை. மலக்குடல் கட்டிக்கு ஐந்து வாரக் கதிர்வீச்சுக்குப் பதில் ஐந்தே நாட்கள். ஆனால் அந்த மாத்திரை கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடும். இரத்த அணுக்களையும் குறைக்கும். அருகில் பரிசோதனையும் மருத்துவரும் இல்லையெனில் அது சிகிச்சை மாற்றமன்று, கைவிடல்.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துடன் இணைந்து, இடது ஜனநாயக முன்னணி அரசு மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளிலேயே தொடர்சிகிச்சைக்கு வழிசெய்தது. தீயணைப்புப் படையினர் மருந்துகளை நோயாளிகளின் வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தனர். பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுக்கப்பட்ட பொதுச் சுகாதாரக் கட்டமைப்பே இதைச் சாத்தியமாக்கியது. அதே வாரங்களில் கர்நாடக பாஜக அரசு தலப்பாடியில் எல்லையை அடைத்தது. மங்களூரு செல்ல முடியாமல் காசர்கோட்டு நோயாளிகள் சிலர் மாண்டனர். (வடகோடியில் உயர்சிகிச்சை வசதி போதாதது கேரளத்தின் பழைய குறை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.)

கன்னியாகுமரி மாவட்ட நோயாளிகள் பலரும் திருவனந்தபுரத்தையே நம்பியுள்ளனர். அங்கு வகுக்கப்படும் சிகிச்சை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் தொடரும் வகையில் இரு மாநில அரசுகளும் நிரந்தர உடன்பாடு காண வேண்டும். கட்சிக் கிளைகள் இக்கோரிக்கையை மக்களிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.